துவாய்

சனிக்கிழமை மத்தியானம், பென்டில் ஹில்லில்
கார்ச் சாமான் கடையின் ஐந்தாம் வரிசை.
வெளியே முப்பத்தொன்பது பாகை.
நீலம், மஞ்சள், சாம்பல் என்று தொங்கும் துவாய்களுக்கு முன்னால்
கூறைச் சேலை எடுக்க வந்தவள்போல் நிற்கிறேன்.

பெட்டிக்குள் ஒற்றையாய் இருப்பது முப்பத்திரண்டு டொலர்.
ஒரே துடைப்பில் முழுக் காரும் காயுமாம்.
அட்டைப் படத்தில் சிரிப்பவனின் கார்
ஒருநாளும் வௌவால் எச்சம் கண்டிராதது.

முப்பது சேர்ந்த மஞ்சள் கட்டு பதினொரு டொலர்.
தொட்டுப் பார்த்தேன்.
இடியப்பத்தட்டு மூடும் துணியைவிட மெல்லிசு.
ஓரம் முழுக்க முரட்டுத் தையல்,
மூலையில் நகம்போல ஒரு லேபிள்.

அந்த நகத்தைக் கண்டதும் கார் ஞாபகம் வந்தது.
கறுப்பு மஸ்டா, ஆறு வயது,
என் பெயரில் வாங்கிய முதல் வாகனம்.
கறுப்பு வேண்டாம் என்றான் துஷ்யந்தன்.
"கறுப்பு எல்லாத்தையும் காட்டிக் குடுக்கும்."
இரண்டு மாதம் அவனுடைய பழைய சாரத்தால் துடைத்தேன்.
பிறகொரு காலை
வெயில் சாய்ந்து விழ
பொனெற் முழுக்கச் சிலந்திவலை.
தடவினேன், போகவில்லை.
பின்னியது என் கைதான்.

ஆகையால் இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன்.
சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று
பொதியின் முதுகில் போட்டிருக்கிறார்கள்.
சங்கிலிக்குப் பவுண் பார்ப்பதுபோலப் பார்க்கிறேன்.
எண்ணூறு என்றால்
அது குடித்த தண்ணீரைப் பிழிய என் மணிக்கட்டு காணாது.
இருநூறு, இரண்டாம் கதவிலேயே நனைந்து சோர்ந்துவிடும்.
நாநூறு போதும்.
நாலு துவாய், பதின்மூன்று டொலர் ஐம்பது.
ஓரம் தைக்காமல் வெட்டியது.
லேபிள் இல்லை, ஒட்டியிருந்த காகிதம்
இழுத்ததும் வந்தது.

கடைசிச் சோதனை என்னுடையது.
முதியோர் இல்லத்தில் நாளுக்கு ஐம்பது தரம்
கழுவிக் கழுவி வெடித்த உள்ளங்கையால்
மெதுவாகத் தடவுவேன்.
நல்ல இழை வெடிப்பில் கொளுவும்,
பூனை நாக்குப்போல.
கொளுவியது.

அங்கே மிஸிஸ் ஹாலரனைத் துடைப்பதும் இந்தக் கைதான்.
வெங்காயச் சருகுத் தோல்.
தேய்த்தால் கிழியும்.
விரித்துப் போட்டு, ஒற்றி, இழுக்காமல் எடுக்கவேண்டும்.
சம்பளத்துக்குப் பழகிய பக்குவம்
வேலை உடுப்போடு லொக்கரில் தொங்கியிருக்கிறது போலும்.
வீடுவரை வர
ஒரு பொனெற் செலவாகிவிட்டது.

பின்னேரம், வெயில் இறங்கும்வரை பொறுத்திருந்தேன்.
பொறுக்காவிட்டால் தண்ணீர் போய்
சுண்ணாம்பு வட்டம் மட்டும் தங்கும்.
கழுவினேன். விரித்துப் போட்டேன். ஒற்றினேன்.
எடுத்த இடத்தில் கறுப்பு,
கறுப்புக்குள் கராஜ் கூரை,
கூரையில் கத்திக்கொண்டு ஒரு கொக்கட்டூ.
சிலந்திவலை அப்படியே இருந்தது.
புதிதாய் ஒன்றும் சேரவில்லை.

துஷ்யந்தன் வந்து நின்றான்.
"முப்பத்திரண்டு டொலர் துவாயோ?"
"பதின்மூண்டு ஐம்பது."
"ஒண்டோ?"
"நாலும்."
ஒன்றை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனான்.
"வை அங்க. அது காருக்கு."

இனித் தோய்க்கிறதுக்கும் சட்டம் இருக்கிறது.
பருத்தியோடு சேர்க்கக்கூடாது,
வாசத் தண்ணி விடக்கூடாது,
ட்ரையரில் சூடு காட்டக்கூடாது.
ஆசாரம் பார்க்கிற மாமிபோலத் தனி வாளி வைத்திருக்கிறேன்.

எல்லாம் காய்ந்ததென்று மடிக்கும்போது
பக்கக் கண்ணாடியின் இடுக்கிலிருந்து
ஒளித்திருந்த தண்ணீர்
கதவு நீளத்துக்குக் கோடாய் இறங்கியது.
ஒற்றினேன்.
இன்னொரு கோடு.
ஒற்றினேன்.
பிறகு நாலாவது துவாயைக் கண்ணாடிக்குச் சுற்றிக் கட்டிவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.